புருவத்தில் குத்துவதும் பச்சைதான்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அந்தக் காலத்தில் கையில் குத்தியது கரிதான். ஆனால் அதைக் கறுப்புக் குத்துதல் என்று யாரும் சொல்லவில்லை. பச்சை குத்துதல் என்றார்கள். பச்சிலைச் சாறு சேர்த்ததால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் பெயர் பொய் சொல்லவில்லை. தோலுக்குள் போன கரி, புண் ஆறி நாளானதும் பச்சையும் நீலமும் கலந்துதான் தெரிகிறது.

இந்தப் பழைய செய்தி இன்று புருவத்துக்கு வேண்டியிருக்கிறது. கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்திறங்கிய மச்சாள் கிணற்றடியில் முகம் கழுவுகிறாள். புருவம் மட்டும் கலையவில்லை. அதைப் பார்த்த பிறகு மன்னாரில், பேசாலையிலும் தலைமன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் ஒரே பேச்சு: புருவத்துக்குச் சாயம் ஏற்றுவதென்றால் செமி பெர்மனென்ட் செய்வதா, பெர்மனென்ட் செய்வதா? அந்தப் பேச்சில் அடிபடும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: செமி பெர்மனென்ட் என்பது தோலின் மேல் பூசுவது. பச்சை குத்துவது வேறு.

உண்மை: இரண்டும் ஒரே வேலை, கருவியும் ஆழமும் மையும்தான் மாறுகின்றன. செமி பெர்மனென்ட் முறைகளில் ஒன்றான மைக்ரோபிளேடிங்கில் நுண்ணூசிகளை வரிசையாகப் பதித்த சிறு தகட்டால், ஒவ்வொரு மயிராகக் கையால் கீறிச் சாயம் ஏற்றுகிறார்கள். இன்னொன்றான பவுடர் புருவத்தில் மெஷின் ஊசி புள்ளி புள்ளியாகக் குத்துகிறது. பழைய பெர்மனென்ட் முறையில் ஊசி இன்னும் ஆழம் போகும். கணக்கு எளிது: நம் மேல்தோலின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அது ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் செதிலாக உதிர்ந்து புதிதாகிவிடும். ஆகவே ஒரு வருடம் நிற்கிற சாயம் எதுவானாலும் அதற்குக் கீழே, உட்தோலில்தான் இருக்க வேண்டும். சமயக் காரணத்துக்காகப் பச்சை வேண்டாம் என்றிருப்பவர்கள் இதை அறிந்துகொண்டு தங்கள் பெரியோரைக் கேட்பது நல்லது.

நம்பிக்கை 2: ஒரு வருடம் போனால் தடமே இல்லாமல் அழிந்துவிடும்.

உண்மை: மங்கும். ஆனால் மங்குவது வேறு, மறைவது வேறு. உட்தோலில் விழுந்த சாயத்தை உடலின் காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை செத்தால் வெளியே சிந்தும் சாயத்தைப் புதிய செல்கள் திரும்ப விழுங்குகின்றன. எலிகளில் இதை 2018இல் காட்டினார்கள். மைக்ரோபிளேடிங் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வருடம் நிற்கும் என்பார்கள். சிலருக்கு அதன் சாயல் அதற்குப் பிறகும் போகாது. இரும்பு ஒக்சைட் கலந்த மை மங்கும்போது செம்மை தட்டலாம். கரி மை நீலம் தட்டும். மன்னார் வெயில் சாயத்தைச் சீக்கிரம் வெளிறச் செய்யும். எண்ணெய்த் தோலில் கீறிய மயிர்க்கோடுகள் ஒன்றோடொன்று கசிந்துவிடும். அத்தகையவர்களுக்குக் கீறலைவிடப் பவுடர் முறை தெளிவாக நிற்கும். மங்க மங்க “டச் அப்” செய்துகொண்டே போனால் மை அடுக்கடுக்காகச் சேர்ந்து, அரைநிரந்தரம் முழு நிரந்தரமாகிவிடும்.

நம்பிக்கை 3: பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம்.

உண்மை: புருவச் சாயம் லேசரில் அடம் பிடிக்கக்கூடியது. பழுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஒக்சைட், லேசர் பட்டதும் வேதிமாற்றம் அடைந்து நொடியில் கறுத்துப்போகலாம். நிறத்தை இளக்கச் சேர்க்கும் வெள்ளைச் சாயமான டைட்டேனியம் டைஒக்சைட்டும் அப்படியே. பிழையான கோட்டைத் தோல் நிற மையால் மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த மையிலும் இதே வெள்ளைதான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். லேசர் தேவைப்பட்டால் தோல் வைத்தியரிடம் போய், முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 4: ஊசி புதிதென்றால் பயமில்லை.

உண்மை: ஊசி புதிதாக இருப்பது முதல் படி மட்டும். நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டரில் 2011–12இல் பச்சை குத்திய 19 பேருக்குத் தோல் தொற்று வந்தபோது, குற்றவாளி மையாக இருந்தது. மூடி திறப்பதற்கு முன்பே அதில் கிருமி இருந்தது. கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றி மையை இளக்குவதும் இதே ஆபத்துத்தான். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. தோலுக்குள் ஏற்றுவதற்கென்று எந்தச் சாயத்துக்கும் அனுமதி கொடுத்ததில்லை. 2003, 2004இல் நிரந்தர ஒப்பனை மைகள் சிலவற்றால் 150க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் அதற்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில்தான் மைகளில் உள்ள இரசாயனங்களுக்கான கடும் வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இன்னொன்று நம் நாட்டுக்கு உரியது, இரத்தம் பட்ட ஊசியால் தொற்றக்கூடிய ஈரல் அழற்சி பற்றியது. குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவது இலங்கையில் 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அந்தக் காப்பு இல்லை. ஹெபடைட்டிஸ் சிக்கோ தடுப்பூசியே கிடையாது.

நம்பிக்கை 5: மருதோண்டி இயற்கை, புருவத்துக்கும் பத்திரம்.

உண்மை: இலையை அரைத்து வைத்த மருதோண்டி செம்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோதான் பிடிக்கும். சில நிமிடத்தில் கருகருவென்று பிடித்தால் அதில் பி.பி.டி. என்ற முடிச்சாய இரசாயனம் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அது ஒவ்வாதவர்களுக்குக் கொப்புளம் போடும், கண்ணிமை வீங்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவர் பிறகு தலைக்குச் சாயம் பூசினாலும் அவதிப்படுவார்.

நம்பிக்கை 6: புருவத்தில் சாயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது.

உண்மை: எடுக்கலாம், எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2019இல் வெளியான ஆய்வொன்றில் பச்சை குத்திய 330 பேரை ஸ்கேன் செய்தபோது, பச்சையால் தொல்லைப்பட்டவர் ஒருவர் மட்டுமே, அதுவும் லேசாக.

நம்பிக்கை 7: புருவம் உதிர்ந்தால் வரைந்து மூடினால் சரி.

உண்மை: முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். தைரொயிட் குறைபாட்டில் புருவத்தின் வெளி ஓரம் உதிரலாம். தொழுநோயும் புருவத்தில் அடையாளம் காட்டும். அது மருந்தில் குணமாகிற நோய். மூடிவிட்டால் வைத்தியரின் கண்ணுக்கும் மறைந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் செய்வதென்றால் நாளைப் பார்த்துச் செய்யுங்கள். கீறியது புண். ஒரு வாரம், பத்து நாளுக்குக் கடலில் இறங்க முடியாது, சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தத்தில் மூழ்க முடியாது, ஆவணித் திருவிழாவுக்கு மடுக் கோயிலில் புழுதியும் வியர்வையுமாகத் தங்க முடியாது, கருவாடு காயப்போட வெயிலில் நிற்க முடியாது. கலியாணத்துக்கு முதல் வாரம் செய்தால், படத்தில் விழுவது பொருக்குத்தான். தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் தள்ளியிருப்பதே நல்லது.

தெரிவு செய்ய ஒரு சுருக்கு வழி உண்டு. பார்லரில் காட்டிய வடிவத்தைப் பென்சிலால் ஒரு மாதம் தினமும் வரைந்து பாருங்கள். பிறகு, இது வாழ்நாள் முழுக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லையா என்று உங்களையே கேளுங்கள். பரவாயில்லை என்பவர் செமி பெர்மனென்ட் செய்துகொள்ளலாம். ஐயோ என்பவருக்கு அந்தப் பென்சில் போதும். இரவு முகம் கழுவினால் அது போய்விடும்.