மருத்துவச் சேர்க்கைத் தகராறுகள்: விருதுநகர் மாவட்ட மாணவர்க்கு உள்ள வழிகள்

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றி நீதிமன்றம் செல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்: விதியே தவறு என்பது, விதி சரியாயினும் அதை நடைமுறைப்படுத்தியவர் பிழை செய்தார் என்பது, சேர்ந்த கல்லூரியிலிருந்து வேறொன்றுக்கு மாற வேண்டும் என்பது. தமது குறை இவற்றுள் எது என்று தெளியாமல் வழக்கறிஞரை நாடுவது பணத்தையும், அதனினும் அரிய காலத்தையும் வீணாக்கும்.

விதியை எதிர்க்கும் வழக்குகளில் தமிழகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணை 1951இல் சண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாதாகி, அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கே வழிவகுத்தது. மாவட்டவாரியாக மருத்துவ இடங்களைப் பங்கிடும் முறையை 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. எனவே 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் 150 இடங்களில், சிவகாசியிலோ சாத்தூரிலோ பிறந்தவர் என்பதற்காக ஒருவருக்குத் தனி உரிமை கிடைப்பதில்லை.

இம்மாவட்டத்தின் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களை நேராகத் தொடும் விதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு ஆகும். ஊர் உறவின்முறைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இம்மாவட்டத்தில், அரசே ஊதியம் தரும் அப்பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகள் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். இது மனத்தாங்கலுக்குரியதே, ஆயினும் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லும் என்று உறுதிசெய்துவிட்டதால், ஒரு மாணவர் தம் ஒரே இடத்துக்காக அதை மீண்டும் எதிர்ப்பது பயன் குறைந்த வழியாகும்.

இரண்டாம் வகைக் குறையே வெல்லத்தக்கது. சாதிச் சான்றிதழ் தவறாக நிராகரிக்கப்படுதல், தரவரிசையில் பின்னுள்ளவருக்கு இடம் ஒதுக்கப்படுதல் போன்றவற்றுக்கு, முதலில் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவச் சேர்க்கைத் தேர்வுக் குழுவிடம் ஆவணங்களுடன் எழுத்து முறையீடு தந்து, அதற்கான சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பதில் தாமதமானால் அடுத்த சுற்றுக் கலந்தாய்வு வரை காத்திராமல், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு, அதாவது அதிகாரியைக் கடமையைச் செய்யுமாறு பணிக்கக் கோரும் மனு, தாக்கல் செய்வது நன்று. உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடுவதைவிட இதுவே செலவு குறைந்தது, விரைவானதும்கூட. அந்த இடம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்காத மனு அக்குறையாலேயே தள்ளுபடியாகக்கூடும்.

இவ்வகை வழக்குகளுக்கு 2019 டிசம்பரில் கிருஷ்ணா ஸ்ரத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பே அளவுகோல். மாணவர் மீது தவறு இல்லாமல், அவர் தாமதமின்றி நீதிமன்றம் வந்திருந்து, அதிகாரிகளின் பிழை தெளிவாயின், சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் அவரைச் சேர்க்க ஆணையிடலாம்; இயலாவிடில் அடுத்த ஆண்டில் இடம் தரலாம்; இழப்பீடு இதற்கு மாற்றன்று, கூடுதலே. தாமாகவே இறுதி நாளைத் தவறவிட்டவர் இத்தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது.

இடமாறுதல் கோருவோரின் நிலை மிக நலிந்தது. முதலாம் ஆண்டுத் தேர்வுக்குப் பின், சேரும் கல்லூரியின் இடங்களில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல் மாறலாம் என்ற பழைய ஏற்பாட்டை நீக்கி, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறை முழுத் தடை விதித்தது. அத்தடையை 2025இல் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாதெனக் கூறியது. எனினும் தடை நீங்குவதாலேயே மாறும் உரிமை எவருக்கும் பிறந்துவிடாது. வீட்டுக்கு அருகில் படிக்க விரும்புவோர், சேர்ந்த பின் வழக்காடுவதைவிடக் கலந்தாய்வின் அடுத்த சுற்றில் இடத்தை மேம்படுத்திக்கொள்ள முயல்வதே மேல்.

அங்கீகாரம் புதுப்பிக்கப்படாத தனியார் கல்லூரியின் மாணவர்கள் இடமாறுதல் கோருவோரின் இந்த நலிந்த நிலைக்கு விலக்கானவர்கள். கல்லூரி தொடங்கும்போது மாநில அரசு வழங்கும் இன்றியமையாச் சான்றிதழில், கல்லூரி தவறினால் அதன் மாணவர்களின் பொறுப்பை ஏற்பதாக அரசு உறுதி தருகிறது. ஆதலால் அவர்களின் மனு ஆணையத்தை மட்டுமன்றி மாநில அரசையும் எதிர்மனுதாரராகக் கொண்டு, அச்சான்றிதழின் நகலுடன் தாக்கலாக வேண்டும்.