விசைப்பலகையை மாற்றுமுன்

எமது கிராமங்களில் இன்று பாவிக்கப்படும் மடிக்கணினிகளிற் பல, பிறர் பாவித்துக் கைமாறியவை. இரவிற் படிக்கும் மாணவர் சிலர், விசைகளின் கீழ் ஒளிரும் பலகையொன்றை வேறொரு மொடலிலிருந்து கழற்றித் தமது கணினியிற் பொருத்தலாமா என எம்மிடம் கேட்கின்றனர். பொருத்தலாம்; ஆனால் மூன்று காரியங்களை முதலில் ஆராய வேண்டும்.

முதலாவது, உருவம். திருகாணித் துளைகளும் ஓரக் கொளுவிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

இரண்டாவது, மின்னிணைப்பு. பல கணினிகளில் ஒளிக்கெனத் தனியாக ஒரு மெல்லிய நாடா உண்டு. அதனை ஏற்கும் வாய் தாய்ப்பலகையில் இல்லாவிடின் விசைகள் வேலை செய்யும், வெளிச்சம் வராது.

மூன்றாவது, கணினியின் உள்மென்பொருள். அது புதிய பலகையை அறியாவிடில் சில விசைகள் தவறான பயனைத் தரும்.

லெனோவோவின் திங்க்பாட் கணினிகள் இதற்கு நல்ல உதாரணம். 2012இல் வெளிவந்த எக்ஸ்230, ரி430, ரி530 ஆகியவற்றின் பலகைகள் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவை. ஒளியை எஃப்என் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி ஏற்றலாம். ஆனால் 2011இன் எக்ஸ்220 பலகையை எக்ஸ்230இற் பொருத்துவோர் பிளாஸ்ரிக் கொளுவிகளை அராவ வேண்டும். இணைப்பின் குறித்த சில தொடுமுனைகளை ஒட்டுநாடாவால் மறைக்க வேண்டும். உள்மென்பொருளையும் திருத்த வேண்டும். தொடுமுனைகளை மறைக்காவிடின் ஒளிக்கான மின்சுற்றுக் குறுக்கிணைந்து பழுதாகலாம். இத்தனை பாடுபட்டும் வெளிச்சம் கிடையாது. அப்பழைய பலகையில் ஒளியே இல்லை.

வேலையைத் தொடங்குமுன் மின்வயரைக் கழற்றிப் பற்றரியையும் எடுத்துவிடுவோம். எக்ஸ்230இன் அடிப்புறத்தில் விசைப்பலகைக் குறியிட்ட திருகாணிகளைக் கழற்றி, பலகையைத் திரைப்பக்கம் சற்றுத் தள்ளி, முன்விளிம்பை மெதுவாக உயர்த்துவோம். கீழே நாடா இருக்கிறது. பலகையை வெடுக்கென இழுத்தால் இணைப்பு முறியும். நாமே ஒருமுறை வேறொரு கணினியில் அவசரப்பட்டு நாடாவின் தாழ்ப்பாளை முறித்தோம். ஒளியைத் தேடி, இருந்த விசைகளையும் இழந்தோம்.

ஆழமறியாமற் காலை விடக்கூடாது. ஒரு மாணவனுக்கு இருப்பது ஒரேயொரு கணினியானால், மலிவான மேசை விளக்கே புத்தியான வழியாகலாம்.

சிந்திக்க:
1. உங்கள் கணினியின் சரியான மொடல் இலக்கம் என்ன? வாங்கவிருக்கும் பலகையின் பின்புறத்திலுள்ள பாக இலக்கம் அதற்குரியதா?
2. இவ்வேலை பிழைத்தால் யாருடைய படிப்புத் தடைப்படும்?