ஓர் ஏடும் பல சாளரங்களும்

திருவண்ணாமலையில் ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் பெருந்தீபம் ஏற்றப்படுவதை நீங்கள் அறிவீர்கள். கொப்பரை ஒன்றே; நெய்யும் திரியும் ஓரிடத்திலேயே உள்ளன. ஆயினும் கோயில் வாயிலில் நிற்பவரும், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தின் முன் நிற்பவரும், கிரிவலப் பாதையில் நடப்பவரும், தொலைவிலுள்ள சிற்றூர்களில் வாழ்பவரும் அவ்வொளியைத் தத்தம் இடத்திலிருந்தே காண்கின்றனர். அதனைக் காண எவரும் கொப்பரையைச் சுமந்து வீட்டிற்குக் கொண்டுவர வேண்டுவதில்லை. இக்காலக் கணினி முறைகளுள் ஒன்று ஏறக்குறைய இவ்வாறே இயங்குகின்றது. அதனை இப்பாடத்தில் காண்போம்.

ரமணாசிரமப் பகுதிக்கு வடநாட்டிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து தங்குகின்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர், சென்னையிலிருந்து புறப்படும் வண்டியில் தில்லிக்குத் திரும்ப விரும்புகிறார் எனக் கொள்வோம். இரண்டு இரவுகள் உட்கார்ந்தே செல்ல அவரால் இயலாது. படுக்கை வசதி வேண்டும். முற்காலத்தில் இது பெருங்கவலையாக இருந்தது. படுக்கை இடங்களைக் குறிக்கும் ஏடு, வண்டி புறப்படும் ஊரிலே இருந்தது. பிற ஊர்களிலிருந்து இடம் கேட்போருக்காகத் தந்தி அனுப்பப்பட்டது. விடை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இடைப்பட்ட நிலையங்களுக்குச் சில இடங்கள் பகுத்து ஒதுக்கப்பட்டன. அதனால் ஓர் ஊரில் ஒதுக்கிய இடம் வீணே கிடக்க, மற்றோர் ஊரில் பயணி இடமின்றித் திரும்புதலும் உண்டு.

இக்குறையை நீக்கக் கணினி துணைக்கு வந்தது. இந்திய இரயில்வே, 1985-ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியில் முன்பதிவைக் கணினி வழியே நடத்தும் சோதனையைத் தொடங்கி, 1986-இல் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் இம்முறை அமைந்தது. தொடக்கத்தில் இவை தனித்தனியே இயங்கின. 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன் பயனாக, எந்த ஊர்ச் சாளரத்தில் நின்றும் எந்த வண்டிக்கும் இடம் கேட்கும் நிலை உண்டாயிற்று. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் முதல் இணையத்தின் வழியாக வீட்டிலிருந்தே பயணச்சீட்டுப் பெறும் வழியும் பிறந்தது.

முன்பதிவுச் சாளரத்தில் எழுத்தர் முன்னே ஒரு திரையும், விசைப்பலகையும், அச்சுப்பொறியும் இருக்கும். ஆனால், பயணிகளின் பெயர்களோ இடங்களின் கணக்கோ அங்கே இல்லை. எழுத்தர் விசையை அழுத்தியதும், அச்செய்தி கம்பி வழியே நெடுந்தொலைவிலுள்ள நடுவண் கணினிக்குச் செல்கின்றது. அக்கணினியே ஏட்டைப் பார்க்கின்றது, இடத்தைக் குறிக்கின்றது, கட்டணத்தைக் கணக்கிடுகின்றது. அதன் விடை மட்டுமே திரையில் தோன்றுகின்றது. இவ்வாறு தான் சிந்தியாது, கேள்வியைக் கொண்டு செல்வதும் விடையைக் கொண்டு வருவதுமாக உள்ள கருவிக்கு 'முனையம்' என்பது பெயர்.

இதனால் விளையும் நன்மை யாது? சாதாரணப் படுக்கைப் பெட்டி ஒன்றில் 72 இடங்கள் உள்ளன எனின், 71 இடங்கள் நிரம்பிவிட்டன என்று கொள்வோம். எஞ்சிய ஓர் இடத்தைத் திருவண்ணாமலையில் நம் முதியவரும், தில்லியில் வேறொருவரும் ஒரே வேளையில் கேட்கின்றனர். ஊருக்கோர் ஏடு இருந்தால் இருவர்க்கும் அவ்விடமே கொடுக்கப்பட்டுவிடும். பின்னர்ப் பெட்டியினுள் பூசல் எழும். ஆனால், அவ்வண்டிக்கு உரிய ஏடு ஒன்றேயாதலின், நடுவண் கணினி ஒருவர் வேண்டுகோளை முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்கின்றது. முந்தியவர்க்கு இடம், பிந்தியவர்க்குக் காத்திருப்போர் பட்டியல். பெருநகரத்தாராயினும் சிற்றூராராயினும் வரிசை ஒன்றே. ஏடு ஒன்றாக இருப்பதனால் நடுநிலை காக்கப்படுகின்றது.

இக்கருத்து புதியதன்று. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். கணினி ஒவ்வொருவர்க்கும் நொடியின் சிறு பகுதியை மாறி மாறி அளித்தது. அது மிக விரைந்து சுழன்றமையால், ஒவ்வொருவரும் கணினி தமக்கே உரியதென எண்ணினர். அந்நாளில் கணினியின் விலை மிகுதி. ஆகவே பகிர்ந்துகொள்ளுதல் இன்றியமையாததாயிற்று. பின்னர் விலை குறையவே, ஆளுக்கொரு கணினி என்னும் நிலை வந்தது. ஆயினும் பல கணினிகளைப் பேணும் தொல்லை பெரிதாகவே, 1990-களில் பழைய எண்ணம் புதுவடிவில் மீண்டும் தோன்றியது. அதுவே 'தின் கிளையன்ட்' எனப்படும் மெல்லிய முனையமாகும்.

மெல்லிய முனையத்தில் பெருஞ்சேமிப்பகம் இல்லை. சிறிதளவு நினைவகமே உண்டு. மென்பொருள்கள் யாவும் 'சர்வர்' எனப்படும் நடுவண் கணினியிலேயே இயங்கும். நாம் அழுத்தும் விசைகளும் சுட்டியின் அசைவுகளும் அங்கே செல்கின்றன. திரையில் தோன்றவேண்டிய காட்சி இங்கே வருகின்றது. பள்ளியின் கணினி அறையில் இருபது மெல்லிய முனையங்கள் உள்ளன என்க. புதிய மென்பொருள் ஒன்றை இருபது முறை நிறுவ வேண்டுவதில்லை. நடுவண் கணினியில் ஒருமுறை நிறுவினால் போதும். முனையம் ஒன்று பழுதுற்றால், மாணவன் அடுத்ததில் அமர்ந்து தன் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கள்வன் முனையத்தைக் கவர்ந்து சென்றாலும் ஏட்டிலுள்ள செய்தி அவன் கைக்கு எட்டாது. மின்செலவும் குறைவு. வலிமை குன்றிய பழைய கணினிகளையும் எறிந்துவிடாமல் முனையங்களாகப் பயன்படுத்தலாம்.

எனினும் குறையில்லாத பொருள் உலகில் இல்லை. கார்த்திகையில் கார்மேகம் மலையை மூடினால், உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தும் கீழே நிற்பவர் காணார். அதுபோலவே, இடைப்பட்ட கம்பி அறுந்தால் நடுவண் கணினி நலமாக இருந்தும் முனையம் பயனற்றுப் போகின்றது. சாளரத்தின் முன் நீண்ட வரிசை நிற்கும். எழுத்தர் கைகட்டி அமர்ந்திருப்பார். நடுவண் கணினியே நின்றுவிட்டாலோ, ஓர் ஊர் அன்று, பல ஊர்கள் ஒருங்கே இடர்ப்படும். ஆகவே அறிவுடையோர் ஏட்டிற்கு மறுபடி ஒன்றை வேறோர் ஊரில் வைப்பர். ஒரு கம்பிக்கு இரண்டு கம்பி அமைப்பர். மின்சாரம் நின்றாலும் இயங்க மின்கலங்களை வைப்பர்.

மற்றொன்றும் நாம் மறத்தலாகாது. ஏடு ஓரிடத்தில் இருப்பதனால், அதனைத் திறக்கும் கடவுச்சொல் பெருமதிப்புடையதாகின்றது. ஒருவர் தம் கடவுச்சொல்லைக் கவனமின்றிப் பிறர்க்கு உரைப்பின், தொலைவிலிருந்தே தீயோர் ஏட்டினுள் நுழைதல் கூடும். ஏட்டைக் காப்போரும், பிறர் செய்தி தம் கையில் உள்ளது என்னும் பொறுப்புணர்ச்சியோடு ஒழுகுதல் வேண்டும்.

மாணவர்களே! நம் முதியவர் இப்பொழுது பயணச்சீட்டைக் கையில் பெற்று, எண்ணைப் பார்த்து மனநிறைவோடு செல்கின்றார். அவர் கண்டது சிறு திரை ஒன்றே. அத்திரைக்குப் பின்னே நெடிய கம்பியும், ஓயாது இயங்கும் கணினியும், அதனை இரவுபகல் காக்கும் மாந்தரும் உள்ளனர். கருவி சிறிதாக இருப்பதில் இழுக்கில்லை; அது பொதுவான பெரிய அறிவோடு இணைந்திருத்தலே சிறப்பு. அவ்விணைப்பு அறாமலும், பொது ஏடு பழுதுபடாமலும் காத்தல் நாளைய குடிமக்களாகிய உங்கள் கடமையாகும்.