ஆசிரியரின் உடம்புக்கும் ஒரு கால அட்டவணை

தொண்டை கட்டுவது, கால் வீங்குவது, இடுப்புப் பிடிப்பு, நீர்க்கடுப்பு, சர்க்கரை என்று ஆசிரியர்களுக்கு வரும் உபாதைகளை வயதின் மேலோ அலட்சியத்தின் மேலோ போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், ஆசிரியர் அல்லாதவர்களில் 28.8 சதவீதம்தான். அலட்சியமானவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. அதனால் மட்டும் இந்த இரு மடங்கு வித்தியாசம் வராது. வேலை நடக்கும் விதமே உடம்பைக் கெடுக்கிறது என்றால், பரிகாரத்தையும் அங்கேதான் தேட வேண்டும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பள்ளிகள் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஐந்து வேலைகள் இவை.

1. முதலில் அளந்து பாருங்கள். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் நீரிழிவு ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், புதுச்சேரியில் 26.3 சதவீதம். தொப்பைப் பருமனில் 61.2 சதவீதத்தோடு புதுச்சேரிதான் முன்னால் நிற்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வலி காட்டாமல் வளர்பவை; உடம்புக்கு முடியாமல் போகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 30 வயது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வில்லியனூர் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக சுகாதார மையம் இருக்கிறது. பாகூர் பக்கம் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்வியாண்டின் தொடக்கத்தில் பள்ளியிலேயே ஒரு முகாம் நடத்தித் தரும்படி தலைமை ஆசிரியர் கடிதம் எழுதிக் கேட்கலாம். இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. முடிவுகள் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும். ஸ்டாஃப் ரூம் பேச்சாக மாறினால் அடுத்த ஆண்டு யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

2. குரலைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 முறை அதிர்கின்றன. மின்விசிறி இரைச்சலையும் பக்கத்து வகுப்புச் சத்தத்தையும் மீறிக் கத்தும்போது அவை பலமாக மோதிக்கொள்கின்றன. வகுப்பை அடக்கக் கைதட்டலோ மணியோ போதும். பலகையைப் பார்த்தபடி பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். பெரிய வகுப்பென்றால் இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி உதவும். அடிக்கடி தொண்டையைச் செருமுவது கெடுதல், கிசுகிசுப்பதும் ஓய்வாகாது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

3. நிற்பதைப் பங்கிடுங்கள். காலின் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை; அசையாமல் நின்றால் அது வேலை செய்யாது. வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அப்படித்தான் கூடுகின்றன. தொடர்ந்து இரண்டு பீரியடுக்கு மேல் நிற்காதபடி, வாசிப்பு, எழுத்துப் பயிற்சி போன்ற உட்கார்ந்து நடத்தக்கூடிய பாடங்களை இடையில் வையுங்கள். பெஞ்சுகளுக்கு இடையே நடங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நோட்டுத் திருத்தும்போது கழுத்து குனியாதபடி நோட்டைச் சாய்வாக உயர்த்தி வையுங்கள்.

4. தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள். கழிவறைக்குப் போக நேரமோ நல்ல வசதியோ இல்லாததால் தண்ணீரே குடிக்காத ஆசிரியைகள் உண்டு. குரல் வறள்வதும் சிறுநீர்த் தொற்றும் அங்கிருந்தே தொடங்குகின்றன. கேரளப் பள்ளிகளில் 2019இல் மாணவர்களுக்காகத் தண்ணீர் மணி அடிக்கத் தொடங்கினார்கள்; அந்த மணியை இங்கே ஆசிரியருக்கும் சேர்த்தே அடிக்கலாம். ஆள் குறைவான பள்ளியில் எப்படி முடியும் என்று கேட்பார்கள். அடுத்த வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிடம் இரு வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் முறை வைத்தால் போதும். புதிய ஆள் தேவையில்லை. தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள தனிக் கழிவறை மட்டும் நிர்வாகத்தின் கடமை.

5. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்யுங்கள். டப்பாவில் சோற்றைக் குறைத்துக் கீரை, காய், சுண்டலைக் கூட்டுங்கள். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு சொல்கிறது. நகரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தால் அதில் ஒரு பகுதி தேறிவிடும்.

நல்ல சம்பளமும் நீண்ட விடுமுறையும் இருக்கும்போது இதெல்லாம் சலுகை கேட்பதல்லவா என்போருக்கு ஒரு பதில்: கோடை விடுமுறை, ஆண்டு முழுதும் கட்டிய தொண்டையை ஆற்றலாம்; பள்ளி திறந்தபின் அது மீண்டும் கட்டாமல் தடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வி வாழ்க்கைத் தர அளவுகோல் உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் நான்கையும் சேர்த்தே பார்க்கிறது. அதில் சம்பளம் ஒரு சிறு பங்குதான். மேலும், குரல் போன ஆசிரியரின் பாடம் முதலில் பாதிப்பது கிராமத்துப் பிள்ளையைத்தான். எனவே அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்துக்கு முன்னால் இந்த ஐந்தையும் பேச எடுத்துக்கொள்ளுங்கள்; தண்ணீர் மணியை மறுநாளே அடிக்கத் தொடங்குங்கள்.