பாலிஹவுஸில் பூச்சிக் கணக்கு

ஓசூர், தளி வட்டாரத்துப் பாலிஹவுஸ்களில் குடைமிளகாய்க்கோ வெள்ளரிக்கோ மேற்பார்வையாளராகச் சேர்ந்தால், வாராவாரம் ஒரு கேள்வி வரும்: "பூச்சி எப்படி இருக்கு?" "கொஞ்சம் ஏறியிருக்கு சார்" என்ற பதிலை வைத்துக்கொண்டு மேலாளரால் மருந்துக்குச் செலவழிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. "ஐம்பது செடியில் 9-இல் இலைப்பேன், போன வாரம் 4" என்றால் அங்கேயே முடிவெடுப்பார். அந்த எண்ணுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பூச்சிகள் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். கதவோரத்தில் வெள்ளை ஈ மண்டிக் கிடக்கும். நடுப்பாத்தியில் ஒன்றுகூட இருக்காது. வாடிய செடி கண்ணை இழுக்கும், கால் தானாக அங்கே போகும், எண் ஊதிப் பெருத்துவிடும். ஆகவே எந்தெந்தச் செடி என்பதை உள்ளே நுழையுமுன்பே தீர்மானித்துவிடுங்கள். 2,500 செடி உள்ள குடிலில் 50 பார்க்க வேண்டுமா? 1 முதல் 50-க்குள் சீட்டுக் குலுக்கி ஓர் எண் எடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு 50-ஆவது செடி. அடுத்த வாரம் வேறு எண். வழியில் தென்படும் மோசமான செடிக்கு ரிப்பன் கட்டி, இடத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சராசரியில் அதைச் சேர்க்க வேண்டாம்.

எத்தனை செடி போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. முதலில் 20 செடியில் எண்ணிப் பாருங்கள். செடிக்குச் சராசரி 4, திட்டவிலக்கம் 6 என்று வந்தால், திட்டப்பிழை சராசரியில் கால்பங்குக்குள் அடங்க 36 செடி வேண்டும்: 4-இல் கால்பங்கு 1, 6-ஐ 1-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 36. பிழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஆசைப்பட்டால் அதே கணக்கு 225-இல் போய் நிற்கும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அது சரி. மருந்தடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கால்பங்குப் பிழையே தாராளம்.

பூச்சி குறையக் குறைய, பார்க்க வேண்டிய செடி கூடும். 50 செடியில் ஒன்றுமே சிக்கவில்லை என்பதால் குடில் சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். 3-ஐ 50-ஆல் வகுத்தால் 6%. பூச்சியுள்ள செடிகள் அவ்வளவு வரை இருந்தும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். 2,500-இல் அது 150 செடி.

ஒவ்வொரு பூச்சியாக எண்ண நேரமில்லையென்றால் 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் குறியுங்கள். குறைந்த அளவில் இது வேகமானது, நம்பகமானது. பெரும்பாலான செடிகளில் 'உண்டு' விழத் தொடங்கிய பிறகு இந்தச் சதவீதம் எதையும் சொல்லாது. அப்போது எண்ணித்தான் ஆக வேண்டும்.

செடியில் எங்கே பார்ப்பது? வெள்ளை ஈ குருத்திலைகளின் அடியில் முட்டையிடும். குஞ்சு நகராமல் ஒட்டிக்கொண்டிருக்க, இலை மூப்பாகிக் கீழே போய்விடும். எனவே தாய் ஈயை மேலிலையில் எண்ணுங்கள், குஞ்சை நடு இலையில். இலைப்பேனுக்குப் பூவை வெள்ளை அட்டையில் தட்டிப் பாருங்கள். 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடிய 'த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ்' என்ற இலைப்பேன் பூவுக்குள் கூட்டமாகக் குடியிருப்பது. இலையை மட்டும் பார்ப்பவருக்கு அது தாமதமாகத்தான் தெரியும். சிலந்திப்பேன் பூச்சியே இல்லை, எட்டுக்கால் இனம். ஆனாலும் அதை எண்ண மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்க்காதீர்கள். பத்து மடங்கு லென்ஸுடன் இலையைத் திருப்பினால்தான் அது பிடிபடும். இறக்கை கிடையாது, மஞ்சள் அட்டையில் வந்து ஒட்டாது.

மஞ்சள் அட்டையைப் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அது காட்டுவது பறப்பை. வெயில் ஏறினால் பறப்பு கூடும். ஆட்கள் கொடி கட்டிவிட்டுப் போனாலும் கூடும். வரவை முன்கூட்டியே சொல்லும் மணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் அடிவிளிம்பு குருத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும், செடி வளர வளர உயர்த்துங்கள், அதே கிழமையில் எண்ணுங்கள். இலைப்பேனுக்கு நீல அட்டையும் உண்டு.

கிழமை மாறாமல் வாரம் ஒருமுறை என்பதில் பிடிவாதமாக இருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வரப் பத்து நாள்கூட ஆகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர் ஒரு முழுத் தலைமுறையைத் தவறவிடுகிறார்.

நிறம் மாறிய வெள்ளை ஈக் குஞ்சுகளுக்கு நோட்டில் தனிக் கட்டம் போடுங்கள். 1926-இல் இங்கிலாந்தில் தக்காளி வளர்த்த ஒருவர், வெள்ளை ஈயின் வெளிறிய கூடுகளுக்கு நடுவே சில கறுத்திருப்பதைக் கவனித்து ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிவித்தார். உள்ளே இருந்தது 'என்கார்சியா' என்ற ஒட்டுண்ணிக் குளவி. உலகெங்கும் பசுமைக்குடில்களில் இன்று அதை வளர்த்து விடுகிறார்கள். அப்படிப்பட்ட கூடுகளையும் உயிருள்ள பூச்சிக் கணக்கில் சேர்த்தால், நண்பனையும் சேர்த்துக் கொல்லும் மருந்துக்கு நீங்களே சிபாரிசு எழுதியதாகிவிடும்.

மருந்தடிக்கும் முன்பும், மூன்று நான்கு நாள் கழித்தும் அதே முறையில் எண்ணி இரண்டையும் அருகருகே எழுதுங்கள். வேலை மாறும்போது இந்த நோட்டின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட அதைத்தான் புரட்டுவார்கள். சுற்றுக்குக் கிளம்பும்போது மஞ்சள் சட்டை வேண்டாம், வெள்ளை ஈ அதிலும் வந்து உட்காரும். பூச்சி அதிகமுள்ள குடிலைக் கடைசியாகப் பாருங்கள், அங்கிருந்து நேராக வெளியே வந்துவிடுங்கள்.