விளக்கு அணைந்த பிறகும் எதற்கு என்று கேட்டவருக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் கிளம்பும் அவசரத்திலும் நான்கு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறீர்கள். விமானம் விழுந்தால் இடுப்பில் கட்டிய ஒரு பட்டை என்ன செய்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே ஏறியதும் அவர்களே பெல்ட் விளக்கை அணைத்துவிடுகிறார்களே, அப்புறமும் பெல்ட் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெல்ட் என்றதும் நமக்கு விபத்துதான் ஞாபகம் வருகிறது. விபத்தில் அது உதவாமல் இல்லை. ஆனால் விமானம் ஒழுங்காகப் போய் ஒழுங்காக இறங்குகிற நாட்களிலும் அதற்கு வேலை இருக்கிறது.

2024-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் "6,000 அடி விழுந்ததாமே" என்று எழுதியிருந்தீர்கள். அன்று டி.வி.யில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் அந்த 6,000 அடி, குலுக்கல் அடங்கிய பிறகு பைலட்டுகள் நிதானமாக இறங்கிவந்த உயரம். ஆட்களைக் காயப்படுத்திய இறக்கம் வெறும் 178 அடி. நேரம் 4.6 வினாடி. சிங்கப்பூர் விசாரணைக்குழுவின் முதல் அறிக்கையில் இருக்கிற கணக்கு இது.

மே 21 அன்று மியான்மருக்கு மேலே 37,000 அடியில் விமானம் முதலில் லேசாக அதிர்ந்தது. பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று பைலட் சொல்வது ஒலிப்பதிவில் இருக்கிறது. அடுத்த எட்டாவது வினாடியில் அந்தப் பெரிய உதறல். தூங்குகிறவர் விழிக்கவும், மடியில் கிடக்கும் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே கைவிட்டுப் பெல்ட்டின் இரு நுனியையும் தேடவும் எட்டு வினாடி போதுமா? கழிவறையில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

178 அடியில் அப்படி என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கீழே விழும் எந்தப் பொருளையும் பூமி ஒரே கணக்கில்தான் இழுக்கும். அந்த விமானத்தைக் காற்று அதைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் கீழே தள்ளியது. பெல்ட் கட்டியவர்கள் விமானத்தோடு சேர்ந்து இறங்கினார்கள். கட்டாதவர்களால் அந்த வேகத்துக்கு இறங்க முடியவில்லை. மேலே பெட்டி வைக்கும் தட்டும் கூரையும் இறங்கி வந்து அவர்கள் தலையில் இடித்தன. அடுத்த நான்கு வினாடிக்குள் நிலைமை தலைகீழாகி, அந்தரத்தில் நின்றவர்கள் கைப்பிடி மீதும் நடைபாதையிலும் விழுந்தார்கள். டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையைக் கடந்தவருக்கு இதில் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

விமானத்தில் 211 பயணிகள், 18 ஊழியர்கள். முதியவர் ஒருவர் இறந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். பலருக்கு முதுகெலும்பிலும் மண்டையிலும் அடி. விமானமோ பாங்காக்கில் தன் சக்கரத்தில் ஒழுங்காகத்தான் இறங்கியது.

பைலட்டுக்கு முன்பே தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மழைமேகம் ரேடாரில் தெரியும், அதில் நீர்த்துளி இருப்பதால். வெறும் காற்றில் வருகிற சுழல் தெரியாது. அட்லாண்டிக்கின் வடபகுதியில் இப்படித் தெளிந்த வானத்தில் வரும் கடுமையான குலுக்கல் 1979-க்கும் 2020-க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருப்பதாக இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் வழி வங்காள விரிகுடா. அங்கே இடிமேகத்துக்கும் பஞ்சமே இல்லை.

பட்டை என்ன செய்யும் என்றதற்கு ஹவாயிலிருந்து ஒரு பதில். 1988 ஏப்ரலில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் கூரை, 24,000 அடி உயரத்தில், முன்பகுதியில் சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் பயணிகள் பெல்ட்டோடு இருந்தார்கள். திறந்த வானத்துக்குக் கீழே, புயல்போல அடிக்கும் காற்றில், அந்த இருக்கைகளில் இருந்தவர்கள் உயிரோடு மாவி தீவில் இறங்கினார்கள். இறந்தவர் ஒரே ஒருவர், நடைபாதையில் நின்று பயணிகளைக் கவனித்துக்கொண்டிருந்த பணிப்பெண்.

நடக்காமல் உட்கார்ந்தால் கால் வீங்கும் என்று டாக்டர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். விளக்கு அணைந்திருக்கும்போது தாராளமாக எழுந்து நடங்கள். நான் சொல்வது உட்கார்ந்திருக்கும் நேரத்தை. வயிற்றின் மேல் போடாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, கை நுழையாத அளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். அம்மாவுக்குப் புடவைக் கொசுவத்துக்கு மேலே போனால் தளர்ந்துவிடும். அதைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். போர்வை போர்த்திக்கொண்டால் பெல்ட் அதற்கு வெளியே தெரியட்டும். இல்லையென்றால் கட்டியிருக்கிறீர்களா என்று பார்க்கத் தூக்கத்தில் எழுப்புவார்கள். கழற்றும்போது காரில் போல பொத்தானை அழுத்தத் தேடாதீர்கள். தகட்டைத் தூக்கினால் போதும். பதற்றத்தில் கைக்குப் பழக்கமானதுதான் வரும் என்பதால், புறப்படும் முன்பே இரண்டு தடவை கட்டிக் கழற்றிப் பாருங்கள்.

பேத்தியைத் திரும்பும்போது அழைத்து வருவதாகச் சொன்னீர்களே. இரண்டு வயதுக்குள் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். விமானம் உதறினால் உங்கள் எடை முழுவதும் குழந்தை மேல் நசுக்கும். குழந்தைக்கான தனி பெல்ட்டைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்கி உங்களுடையதில் கோத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவளுக்குத் தனி சீட்டே எடுத்துவிடுங்கள். பணம் போனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதுமே சுற்றிலும் 'டக் டக்'கென்று சத்தம் கேட்கும். விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதிப்பேர் எழுந்து பையை இறக்குவார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள் ஐயா. பெட்டி எப்படியும் அரைமணி நேரம் கழித்துத்தான் வரும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்