ஜடையும் சட்டையும்

நம்பிக்கை: தன் பாலினம் வேறு என்று சொல்லும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஊசி போட்டுப் பாலினத்தை மாற்றிவிடுகிறார்கள்.

பருவமடையும் முன் மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. அமெரிக்காவின் எண்டோக்ரைன் சொசைட்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, அந்த வயதில் ஹார்மோன் சிகிச்சை கூடாது என்கிறது. நடப்பது சமூக மாற்றம் மட்டும்: முடி, உடை, கூப்பிடும் பெயர், ‘வாடா’வா ‘வாடி’யா என்பது. வேண்டாமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். நம் வீடுகளில் ஆண் குழந்தைக்கு ஜடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி ஸ்டூடியோவில் படம் எடுத்து மாட்டியிருக்கிறோமே. அதனால் எந்தப் பையனும் பெண்ணாகிவிடவில்லை. ஒன்று மட்டும் வேறு. அங்கே ஆசை அம்மாவுடையது. இங்கே கேட்பது பிள்ளை, அதுவும் ஒருநாள் இருநாள் அல்ல.

நம்பிக்கை: இடம் கொடுத்தால் மனசு கெட்டுப்போகும்.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா ஓல்சன் குழு, இப்படி மாறி வாழ்ந்த 3 முதல் 12 வயது வரையிலான 73 பிள்ளைகளை ஆராய்ந்து 2016இல் எழுதியது: மனச்சோர்வு மற்ற பிள்ளைகளின் அளவிலேயே இருந்தது, பதற்றம் சற்றே கூடுதல். ஆனால் அவை ஏற்கெனவே பிள்ளைக்குத் துணைநின்ற குடும்பங்கள். ஆதரவு ஒன்றே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

நம்பிக்கை: வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்.

இதில்தான் இரண்டு தரப்பும் தங்களுக்குப் பிடித்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. 2013இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்ட 127 பேரில், தன் பாலினம் வேறு என்ற உணர்வு பதின்வயதிலும் நீடித்தவர்கள் 47 பேர். தொடக்கத்திலேயே அது தீவிரமாக இருந்தவர்களிடம்தான் பெரும்பாலும் நீடித்தது. ஓல்சனின் 2022 ஆய்விலோ, சமூக மாற்றத்துக்குப் பின் சராசரி ஐந்தாண்டு கடந்த 317 பேரில் 94 சதவீதம் பேர் திருநராகவே வாழ்ந்தார்கள். பிறந்தபோது குறித்த பாலினத்துக்கே திரும்பியவர்கள் 2.5 சதவீதம். முதலாவது, மருத்துவமனைக்கு வந்த எல்லாரையும் பற்றியது. இரண்டாவது, ஏற்கெனவே மாறி வாழ்ந்தவர்களைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

2024இல் இங்கிலாந்தில் மருத்துவர் ஹிலரி காஸ் தந்த அறிக்கை, சமூக மாற்றத்தைச் சாதாரணமாக எண்ணாமல் அனுபவமுள்ள மருத்துவரைச் சீக்கிரமே பாருங்கள் என்றது. நியாயம்தான். ‘கவனமாக இரு’ என்பதை ‘அடக்கி வை’ என்று படிப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. மந்திரிப்பது, அடிப்பது, மருந்து கொடுத்துக் ‘குணப்படுத்துவது’ எதுவும் கவனத்தில் சேராது. பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை செய்தே விட்டார்.

திரும்பி வரும் அந்தச் சில பிள்ளைகளுக்கும் வழி திறந்திருக்க வேண்டும். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று வீட்டில் யாரும் ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.